டர்பனுக்குப் புதிதாக வந்தவர்கள் கைக்கடக்கமான ஹெட்ஃபோன் வாங்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் எட்டு மாதத்தில் மூன்று ஹெட்ஃபோன் வாங்கினேன். மூன்றும் வீணாகப் போயின. ஒன்று தெருவோரக் கடையில் வாங்கிய போலி. இன்னொன்று வெளிநாட்டிலிருந்து தருவித்து, பொருளின் விலையில் பாதிக்கு மேல் வரியும் கூலியுமாக அழுதது. மூன்றாவது நல்ல பொருள்தான், நாலாம் மாதத்தில் இடது பக்கம் ஊமையாகிவிட்டது, மாற்றிக் கேட்கலாம் என்றால் கையில் இருந்த ஸ்லிப்பில், அதாவது பில்லில், எழுத்தே இல்லை. ஊருக்குப் பணம் அனுப்பியது போக மிஞ்சும் சம்பளத்தில் இதெல்லாம் சின்னத் தொகை இல்லை. நாலாவதாக வாங்கியது மூன்று வருடமாக ஓடுகிறது. அதற்கும் முந்தைய மூன்றுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, வாங்கிய முறைதான் வேறு. அந்த முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேலைக்காகவோ படிப்புக்காகவோ வந்து, சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அறை எடுத்துத் தங்கி, போகவர இரண்டு பாட்டுக் கேட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இது. ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. கடைக்குப் போகுமுன் போனைப் பாருங்கள்

போனின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். வட்டமான 3.5 மி.மீ. துளை இருக்கிறதா? இருந்தால் உங்கள் பாடு சுலபம். வயர் ஹெட்ஃபோன் வாங்கிவிடலாம். ஒரே விலையில் வயர் உள்ளதும் புளூடூத்தும் இருந்தால், வயர் உள்ளதில்தான் பெரும்பாலும் ஒலி நன்றாக இருக்கும். கொடுக்கும் காசு பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் பிரிந்து போகாமல் முழுக்க ஒலிக்கே போகிறது அல்லவா? சார்ஜ் போடும் வேலையும் இல்லை.

துளை இல்லாவிட்டால் இரண்டு வழி. ஒன்று புளூடூத். இன்னொன்று, டைப்-சி முனையில் செருகும் சின்ன அடாப்டர். இந்த அடாப்டரில் ஒரு பொறி இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இவற்றில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தில் டிஜிட்டல் ஒலியைக் காதுக்கு ஏற்றபடி மாற்றும் சிப் உள்ளேயே இருக்கும், அட்டையில் ‘டிஏசி’ என்று போட்டிருக்கும். இன்னொன்று வெறும் கம்பி. சில போன்கள் மட்டும்தான் அதற்கு ஒலி கொடுக்கும், மற்றவற்றில் செருகினால் சத்தமே வராது. மலிவாக இருக்கிறதே என்று வெறும் கம்பியை எடுத்துவிடாதீர்கள். உங்கள் போனையே கடையில் செருகிப் பாட்டு வந்த பிறகு காசு கொடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 14 வரைக்கும் லைட்னிங் முனை, 15 முதல் டைப்-சி. அடாப்டர் கேட்கும்போது இதைச் சொல்லுங்கள்.

2. எங்கே கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நான் முதலில் யோசிக்காமல் விட்டது இதைத்தான்.

இங்கே மினிபஸ் டாக்ஸியில் போனவர்களுக்குத் தெரியும். பின் வரிசையில் உட்கார்ந்தவர் காசை முன்னால் இருப்பவரிடம் நீட்டுவார். அது கை மாறிக் கை மாறி முன்சீட்டுக்குப் போகும். முன்சீட்டில் இருப்பவர் எண்ணி, மீதியைத் திரும்ப அனுப்புவார். எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று உங்களைக் கேட்பார்கள். இறங்கும் இடத்தையும் நீங்கள்தான் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும், ‘ரோபோட்டுக்கு அப்புறம்’ என்பது மாதிரி. இங்கே ரோபோட் என்றால் சிக்னல் விளக்கு. காதை இறுக அடைக்கும் இயர்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இது எதுவும் காதில் விழாது. முதல் மாதத்தில் ஒருநாள் என் தோளைத் தட்டித் தட்டி ஒருவர் பத்து ரேண்ட் நோட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். வண்டி முழுக்க என்னைத்தான் பார்த்தது.

அதனால் என் தேர்வு, காதின் மேல் உட்காரும் சின்ன ஹெட்ஃபோன். ஆன்-இயர் என்பார்கள். ஒரு விரலால் ஒரு பக்கத்தை நகர்த்தினால் எதிரே இருப்பவர் பேச்சு கேட்கும். மடித்தால் பையின் ஓரத்தில் அடங்கிவிடும். அறையிலும் பூங்காவிலும் தனியாகக் கேட்பவர் என்றால் பின்புறம் திறந்த பஞ்சு வகை இன்னும் சுகம், காது வேகாது. ஆனால் அதில் ஒலி வெளியே கசியும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு உங்கள் பாட்டு கேட்கும். ஓடவும் ஜிம்முக்குப் போகவும் என்றால்தான் காதுக்குள் செருகுவதை வாங்கச் சொல்வேன். பெட்டியில் ‘ஐபிஎக்ஸ்4’ என்று போட்டிருந்தால் தெறிக்கும் நீரையும் வியர்வையையும் தாங்கும். டிசம்பர், ஜனவரியில் டர்பன் புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தெருவில் நடக்கும்போது எதுவாக இருந்தாலும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். காதில் ஹெட்ஃபோன் தெரிந்தால் பையில் போன் இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் வரும் காலடிச் சத்தமும் கேட்க வேண்டும்.

3. எவ்வளவு செலவு செய்யலாம்

நூறு ரேண்டுக்குக் கீழே எதையும் வாங்காதீர்கள். மருந்துக் கடை கவுண்டரிலும் பெட்ரோல் பங்கிலும் தொங்குபவை அவசரத்துக்கு உதவும், ஆறு மாதம் வராது.

வயர் ஆன்-இயருக்கு 200 முதல் 400 ரேண்ட் வரை ஒதுக்குங்கள். சோனியின் இசட்எக்ஸ்110 இந்த வகையில் பல வருடமாகக் கிடைக்கிறது. 30 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் வட்டு), எடை குறைவு, இரண்டு பக்கமும் திரும்பித் தட்டையாகிவிடும். தாழ்ந்த ஒலி அவ்வளவு ஆழமில்லை, குரல் தெளிவு. நான் இப்போது வைத்திருப்பது இதுதான்.

புளூடூத் ஆன்-இயர் என்றால் 600 முதல் 1,200 ரேண்ட். ஜேபிஎல் டியூன் 510பிடி ஒரு சார்ஜில் 40 மணி நேரம் ஓடும் என்று நிறுவனமே சொல்கிறது. ஐந்து நிமிடம் சார்ஜ் போட்டால் இரண்டு மணி நேரம் கேட்கலாம். சோனி டபிள்யூஎச்-சிஎச்520 ஐம்பது மணி நேரம், எடை 147 கிராம். கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் இந்த எண்கள்தான் கைகொடுக்கும், வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். இந்த இரண்டிலும் வயர் செருகும் துளை இல்லை என்பதை மறக்காதீர்கள். பேட்டரி தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

திறந்த பஞ்சு வகையில் கோஸ் போர்ட்டா புரோ என்று ஒன்று. 1984-இல் வந்தது, இன்னும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறார்கள். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், ஒலியின் கனம் அந்த உருவத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. இங்கே எல்லாக் கடையிலும் இருக்காது. கிடைத்தால் ஒருமுறை காதில் வைத்துப் பாருங்கள்.

4. பெட்டியில் எதைப் படிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்

விட்டுவிட வேண்டியது: ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற வரி. மனிதக் காது கேட்கும் எல்லையே அதுதான். நல்லது கெட்டது எல்லாப் பெட்டியிலும் அதை அச்சடித்துவிடுகிறார்கள். ‘எக்ஸ்ட்ரா பாஸ்’ (தாழ்ந்த ஒலி கூடுதல்) என்ற வார்த்தையையும் நம்பி வாங்காதீர்கள். டிரைவர் பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்பதும் சரியில்லை.

படிக்க வேண்டியது மூன்று. வயர் வகை என்றால் மின்தடையைச் சொல்லும் ஓம் அளவு, 16 முதல் 32 வரை இருந்தால் போன் சுலபமாக ஓட்டிவிடும். (போர்ட்டா புரோ 60 ஓம், அதையும் போன் ஓட்டுகிறது, விதிவிலக்கு.) சென்சிட்டிவிட்டி (போன் கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) 100 டெசிபலுக்குக் கிட்டேயோ மேலேயோ இருந்தால் சத்தம் போதும். புளூடூத் வகை என்றால் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையின் பெயர்: எஸ்பிசி எல்லாவற்றிலும் இருக்கும். ஐபோன்காரர்கள் மட்டும் ஏஏசி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் வரும் பெயர்களுக்காக இந்த விலையில் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

வயரின் முனையையும் பாருங்கள். நேராக நீளும் முனை சட்டைப்பையில் வளைந்து வளைந்து அடியில் அறுந்துவிடும். ‘எல்’ மாதிரி மடங்கிய முனை நீண்ட நாள் உழைக்கும்.

5. கடையில் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்

மாதக் கடைசியில் போகாதீர்கள். 25-ஆம் தேதியிலிருந்து சம்பளக் கூட்டம். வரிசையில் நிற்கவே ஒரு மணி நேரம் போய்விடும், கடைப் பையன்களுக்கும் பொறுமை இருக்காது. மாத நடுவில், வாரநாள் காலையில் போனால் காட்சிக்கு வைத்திருப்பதை எடுத்துக் கொடுத்து நிதானமாகக் கேட்க விடுவார்கள்.

போகும்போது போனில் மூன்று பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். கடை வைஃபையையோ அவர்கள் வைத்திருக்கும் ஆங்கிலப் பாட்டையோ நம்ப வேண்டாம். நன்றாகக் காதுக்குப் பழகிய பாட்டாக இருக்கட்டும். நான் எடுத்துப் போவது இவை.

ஒரு தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் கை அழுத்தி இழுக்கும்போது ‘கும்’ என்று கிளம்பி மேலே வளையுமே, அந்த கும்கியைக் கவனியுங்கள். மோசமான ஹெட்ஃபோனில் அது வெறும் ‘தொப்’ என்று விழும், வளைவு தெரியாது. எக்ஸ்ட்ரா பாஸ் என்று ஊதிவிட்டதில் கும் மட்டும் வீங்கி நிற்கும், வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், விழும் சாப்பு என்ற அடி அதற்குள் மூழ்கிவிடும். இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் அந்த ஹெட்ஃபோன் பரவாயில்லை.

அப்புறம் ஒரு பெண் குரல் பாட்டு. ‘ச’வும் ‘ஸ’வும் வரும் இடங்களில் காதைக் குத்துகிறதா என்று பாருங்கள். மூன்றாவது நாதஸ்வரம். மேல் ஸ்தாயியில் போகும்போது கொஞ்சம் சத்தம் கூட்டிப் பாருங்கள். நொறுங்குகிற மாதிரி, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள்.

பாட்டு ஓடும்போதே தலையைக் குனியுங்கள், ஆட்டுங்கள். நழுவுகிறதா? கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பாருங்கள். காதுக்கும் கண்ணாடித் தண்டுக்கும் நடுவே அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலி எடுக்கும். கம்மலும் ஜிமிக்கியும் போடும் பெண்களுக்கும் இதேதான். பத்து நிமிடம் போட்டிருந்து கழற்றிய பிறகு காது சிவந்திருந்தால் அது உங்களுக்கு உரியது அல்ல.

6. எங்கே வாங்குவது

காகித பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். கேட்வே, பெவிலியன், சாட்ஸ்வர்த் சென்டர் மாதிரி வளாகங்களில் இருக்கும் பெரிய கடைகளில் விலையும் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடாது. ஆன்லைனில் டேக்அலாட் இருக்கிறது, 2024 மே மாதத்திலிருந்து அமேசானும் தென்னாப்பிரிக்காவுக்கென்று தனியாக நடக்கிறது. போகுமுன் இரண்டிலும் விலையைப் பார்த்துவிட்டுப் போனால் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

ஆன்லைனில் ‘விற்பவர்’ யார் என்ற வரியைப் படியுங்கள். தளமே விற்கிறதா, தளத்தில் இடம்பிடித்த வேறு ஒருவர் விற்கிறாரா என்று அதில் தெரியும். வேறொருவர் என்றால் அவருடைய மதிப்பெண்ணையும், பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.

தெருவோரக் கடையில் பிரபலமான பெயர் போட்ட பெட்டியை 150 ரேண்டுக்கு வாங்கினேன். பெட்டியில் எழுத்து லேசாக மங்கல், உள்ளே இருந்த கையேட்டில் பக்கத்துக்கு இரண்டு எழுத்துப் பிழை, ஹெட்ஃபோனைத் தூக்கினால் காகிதம் மாதிரி எடையே இல்லை. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். பெரிய கடையில் 800 ரேண்டுக்கு விற்பதை யாரும் 150-க்குத் தர முடியாது.

ஊரிலிருந்து கொண்டுவரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது நீங்களே பெட்டியில் கொண்டுவந்தால் சரி. பயணி ஒருவருக்கு 5,000 ரேண்ட் மதிப்பு வரை வரியில்லாமல் விடுகிறார்கள். ஆனால் இந்தியாவில் வாங்கியதன் வாரண்டி இங்கே பெரும்பாலும் செல்லாது. பழுதானால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும். கூரியரில் தருவிப்பது வேறு கதை. சுங்கத் தீர்வை, 15 சதவீத வாட் வரி, இதற்கு மேல் கூரியர்காரர் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் கூலி. சிறிய பொருளுக்கு அந்தக் கூலிதான் முதுகை முறிக்கும். எனக்கு அந்தப் பில் பொருள் வந்த அன்றுதான் கைக்கு வந்தது, கட்டாமல் பார்சலை வாங்க முடியவில்லை.

நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி வரும். அக்டோபரிலேயே நீங்கள் விரும்பும் பொருளின் விலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி உண்மையா என்று அப்போது தெரியும்.

7. காசு கட்டும்போது

ரொக்கமாகவோ டெபிட் கார்டிலோ வாங்க ஒரு ஆவணமும் தேவையில்லை. கவுண்டரில் ‘கடைக் கணக்கு திறக்கிறீர்களா, மாதாமாதம் கட்டலாம்’ என்று கேட்பார்கள். அதற்குப் பாஸ்போர்ட், பெர்மிட், சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று என்று நீளும், வட்டியும் உண்டு. 400 ரேண்ட் பொருளுக்கு அது வேண்டாம். கையில் முழுத்தொகை இல்லாவிட்டால் ‘லே-பை’ இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணம் கட்டினால் பொருளை எடுத்து வைத்துவிடுவார்கள், தவணையாகக் கட்டி முடித்ததும் வாங்கிக்கொள்ளலாம். கடன் விசாரணை கிடையாது.

8. ஸ்லிப்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

பில்லை இங்கே எல்லோரும் ஸ்லிப் என்றுதான் சொல்கிறார்கள். அது சூட்டில் அச்சாகும் தாள். பர்ஸில் வைத்தால் வியர்வைக்கும் சூட்டுக்கும் நாலு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. இடது பக்கம் பேசாமல் போன ஹெட்ஃபோனோடு கடைக்குப் போய் ஸ்லிப்பை விரித்தேன். கடையின் பெயர்கூடத் தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் நான் குடியிருக்கும் வீட்டுக்காரப் பெரியம்மா தன் அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்து காட்டினார். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், பேரனின் ஷூ என்று ஒவ்வொன்றின் ஸ்லிப்பும் அதன் வாரண்டிச் சீட்டோடு பின் அடித்து, பக்கத்திலேயே ஒரு நகலும் வைத்திருக்கிறார். நாலு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம், அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். இன்றைக்கும் நான் எதையாவது வாங்கி வந்தால் முதல் கேள்வி, “தம்பி, ஸ்லிப் எங்க?”

கடை வாசலிலேயே ஸ்லிப்பைப் படம் எடுங்கள். தேதி, தொகை, கடைப் பெயர் மூன்றும் தெரிய வேண்டும். பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணையும் சேர்த்து எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். பெட்டியை ஆறு மாதம் வரை எறியாதீர்கள்.

ஏன் ஆறு மாதம்? 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தீர்மானிப்பது நீங்கள், கடை அல்ல. கடையில் ‘முதலில் ரிப்பேருக்கு அனுப்புவோம், மூன்று வாரம் ஆகும்’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். பணிவாக, ஆனால் உறுதியாக, பணம் வேண்டும் என்றோ மாற்று வேண்டும் என்றோ சொல்லுங்கள். ரிப்பேருக்கு ஒப்புக்கொண்டு, அது மூன்று மாதத்துக்குள் மறுபடி பழுதானால் மாற்றியோ பணமாகவோ தந்தே ஆக வேண்டும். நீங்களே கீழே போட்டு உடைத்ததற்கும் பிரித்துப் பார்த்ததற்கும் இது பொருந்தாது.

குறை ஒன்றும் இல்லை, மனம் மாறிவிட்டது என்றால் நேரில் வாங்கிய பொருளுக்குச் சட்டம் உதவாது, அந்தந்தக் கடையின் விதிதான். ஆன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை உண்டு. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. காதுக்குள் செருகும் வகையை உறை பிரித்துவிட்டால் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கும் கடைகள் உண்டு. உறையைக் கிழிக்குமுன் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடை கேட்கவே மாட்டேன் என்றால், முதலில் எழுத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சுருக்கமாக சிஜிஎஸ்ஓ என்பார்கள். நமக்குக் கட்டணம் கிடையாது. ஸ்லிப், கடைக்கு எழுதிய புகார், அவர்கள் பதில், இவை மூன்றும் வேண்டும்.

9. முதல் வாரமும் அதற்குப் பிறகும்

முதல் வாரம் தினமும் போட்டுக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தமா, வயரை ஆட்டினால் கரகரக்கிறதா, அழைப்பில் எதிர்முனைக்கு உங்கள் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் தள்ளிப் போடாமல் அந்த வாரத்திலேயே கடைக்குப் போங்கள். பேச்சு சுலபமாக முடியும்.

சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலுக்கு ஏற்றினால் 4 மணி நேரம்தான். டாக்ஸியில் டிரைவர் போடும் பாட்டை மீறிக் கேட்க நினைத்தால் இரண்டே பயணத்தில் அந்த நாலு மணி நேரம் தீர்ந்துவிடாதே தவிர, ஒரு வாரத்தில் கட்டாயம் தீர்ந்துவிடும். அந்த வண்டியில் ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டிரைவரின் பாட்டையே கேளுங்கள்.

காதுப் பஞ்சு இந்த ஊர் ஈரத்தில் ஒன்றரை வருடத்தில் பொடியாக உதிரும். தோல் மாதிரி இருக்கும் மெத்தை செதில் செதிலாக உரியும். ஹெட்ஃபோன் போய்விட்டது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். மெத்தையின் குறுக்களவை அடிக்கோலால் மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவில் மாற்றுப் பஞ்சு தேடினால் ஜோடி குறைந்த விலைக்கே கிடைக்கும். பழையதை விளிம்பிலிருந்து நகத்தால் மெதுவாக நெம்பிக் கழற்றிவிட்டு, புதியதன் உதட்டை மேலிருந்து சுற்றிச் சுற்றி இழுத்து மாட்ட வேண்டும். முதல் முறை கால் மணி நேரம் ஆகும்.